முதல் வீடு: மேற்குச் சென்னையின் கணக்கும் பத்திரமும்

கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த ஒருவர் சென்னையில் முதல் வீடு வாங்க எத்தனை ஆண்டு ஆகும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, வங்கிக் கடனுக்கு வெளியே அவர் கையிலிருந்து போட வேண்டிய ரொக்கம்தான். சம்பளச் சீட்டும் ஒழுங்கான கடன் வரலாறும் இருந்தால் வங்கி கடன் கொடுத்துவிடும். முன்பணம், முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், வரி, அலமாரி, மின் இணைப்பு என்று வரிசையாக வரும் செலவுகளுக்கு யாரும் பணம் கொடுக்க மாட்டார்கள். அந்தப் பணம் சேர்ந்த பிறகு எழுவது இரண்டு கேள்விகள். வாங்கப்போகும் மண்ணின் பத்திரம் சுத்தமாக இருக்கிறதா? ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே தண்ணீர் நிற்குமா? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வீடு தேடுபவர் இவற்றுக்கு விடை கண்ட பிறகு டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் பார்க்கலாம்.

இந்த வட்டாரம் சம்பளக்காரர்களின் முதல் வீட்டுக்குப் பெயர்பெற்றதற்குப் பின்னால் தொழிற்சாலைகளின் வரலாறு இருக்கிறது. டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் அம்பத்தூரில் அமைந்தது. 1950-களின் இறுதியில் டன்லப் டயர் ஆலை வந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் உருவாகி, சில ஆண்டுகளிலேயே விஜயந்தா டாங்கிகளைத் தயாரித்தது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியது. லேத்திலும் பிரஸ்ஸிலும் நின்று வேலை பார்த்தவர்கள் சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர், அரக்கோணம் செல்லும் ரயில் பாதையை ஒட்டிய கொரட்டூர், பட்டரவாக்கம், திருமுல்லைவாயல், அண்ணனூர் பகுதிகளில் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு என்று மனை வாங்கிப் போட்டார்கள். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. முதலில் ஒரு அறையும் சமையலறையும் கட்டிக் குடிவந்து, போனஸ் வந்த ஆண்டில் இன்னொரு அறை சேர்த்து, பிள்ளைகள் வளர்ந்ததும் மாடி எடுத்தவர்கள் அவர்கள்.

இப்படிச் சிறுகச் சிறுகக் கட்டும் பழக்கத்தை அரசே ஒரு திட்டமாக்கிய இடம் முகப்பேர். உலக வங்கியின் கடனுதவியுடன் 1977-இல் சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக 1980-களில் முகப்பேர் கிழக்கிலும் மேற்கிலும் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் மனைகளைப் பிரித்தது. வீட்டைக் கட்டி முடித்துக் கொடுப்பதற்குப் பதிலாகச் சாலை, குடிநீர், கழிவுநீர், தெருவிளக்கு ஆகிய வசதிகளோடு மனையைத் தவணை முறையில் கொடுப்பதும், வீட்டைக் குடும்பம் தன் வசதிக்கேற்பக் கட்டிக்கொள்வதும் அதன் அடிப்படை. பெரிய மனைகளை விற்று வரும் லாபம் மிகச் சிறிய மனைகளின் விலையைத் தாங்கியது. வசதி குறைந்தவரும் நடுத்தர வருமானக்காரரும் அடுத்தடுத்த தெருக்களில் குடியேறினார்கள். ஊருக்கு வெகுதூரம், ஆட்கள் வரவில்லை என்று தொடக்கத்தில் இத்திட்டத்தைக் குறைத்து மதிப்பிட்டவர்கள் உண்டு. திட்டங்கள் முடிந்து சுமார் 20 ஆண்டு கழித்து மும்பையிலும் சென்னையிலும் இத்தகைய குடியிருப்புகளை மறுபடி ஆராய்ந்தவர்கள், அவை நிறைந்து, வளர்ந்து, பலதரப்பட்ட குடும்பங்கள் வாழும் பகுதிகளாக மாறியிருப்பதைக் கண்டார்கள். அந்த ஆய்வு 2018-இல் வெளியானது. இன்று முகப்பேரில் மனை வாங்குவது இளைஞர் யாருக்கும் எளிதல்ல. ஆனாலும் முழு வீட்டையும் முதல் நாளே வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதபோது சாதாரணச் சம்பளக்காரருக்கும் வீடு எட்டும் என்பதை அந்தத் தெருக்கள் நிரூபித்திருக்கின்றன. மறுபடியும் அத்தகைய மனைத் திட்டங்கள் பெரிய அளவில் வர வேண்டும்.

இப்போதைய தேடல் ஆவடியைத் தாண்டி இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர் பக்கமும், பூந்தமல்லியைத் தாண்டி நசரத்பேட்டை, திருமழிசை பக்கமும் நகர்ந்திருக்கிறது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை செல்லும் 62 கி.மீ. வெளிவட்டச் சாலை இந்த இரு பக்கங்களையும் இணைத்துவிட்டது. பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரையிலான 26.1 கி.மீ. மெட்ரோ வழித்தடம் பூந்தமல்லியின் மனை விலையை ஏற்கெனவே மாற்றிவிட்டது. கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராமுக்கு மெட்ரோ நீட்டிப்பு பற்றிய பேச்சும் இருக்கிறது. விற்பவர்கள் பேச்சளவில் இருக்கும் பாதைக்கும் இன்றே விலை வைப்பார்கள். தூண் எழும்பாத பாதைக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும் மின்சார ரயிலுக்கு நடந்து போகும் தூரம் என்றால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

இனி ரொக்கக் கணக்கு. உதாரணத்துக்கு 45 லட்ச ரூபாய்க்கு ஒரு ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வங்கி சொத்து மதிப்பின் 90 சதவீதம் வரை கொடுக்கலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கும் மேல் 75 சதவீதம். ஆக 45 லட்சத்துக்கு அதிகபட்சக் கடன் 36 லட்சம். மீதி 9 லட்சம் கையிலிருந்து வர வேண்டும். பில்டரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கும் ஃபிளாட்டுக்கு, நிலப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே பத்திரமாகப் பதியும் முறை தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் வந்தது. 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 45 லட்சத்துக்கு அது 2.7 லட்சம். கட்டுமானம் முடியாத ஃபிளாட் என்றால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதாவது 2.25 லட்சம். கார்ப்பெட் ஏரியா 60 சதுர மீட்டருக்குள்ளும் விலை 45 லட்சத்துக்குள்ளும் இருந்தால் மட்டும் ஜி.எஸ்.டி. 1 சதவீதம். எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 14 லட்சம். கடன் பரிசீலனைக் கட்டணம், பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்கான பதிவுச் செலவு, அலமாரி, ஃபேன், கிரகப் பிரவேசம் எதுவும் இதில் சேரவில்லை.

பழைய ஃபிளாட்டை மறுவிற்பனையில் வாங்கினால் ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவு 2 சதவீதம், மொத்தம் 9. பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்து 2023 ஏப்ரலில் 2 ஆகக் குறைந்தது. அதே நாளில் அரசின் வழிகாட்டி மதிப்பு உயர்த்தப்பட்டது. 45 லட்சத்துக்கு 9 சதவீதம் 4.05 லட்சம். கட்டி முடித்து நிறைவுச் சான்று வாங்கிய புது ஃபிளாட்டுக்கும் ஜி.எஸ்.டி. இல்லை. ரொக்கம் குறைவாக இருப்பவருக்கு அதுதான் அதிகச் சாதகம். வாடகையும் தவணையும் ஒரே நேரத்தில் கட்டும் தொல்லையும் இல்லை.

90 சதவீதக் கடன் 30 லட்சம் வரைதான் என்ற விதிக்குள் முதல் வீட்டுக்காரருக்குப் பெரிய உதவி ஒளிந்திருக்கிறது. 33 லட்ச ரூபாய் வீட்டுக்கு 29.7 லட்சம் வரை கடன் கிடைக்கலாம், கைப்பணம் 3.3 லட்சம். விலை 12 லட்சம் கூடி 45 ஆகும்போது கைப்பணம் 9 லட்சமாகத் தாவுகிறது. இரண்டு பெட்ரூம் அம்பத்தூரில்தான் வேண்டும் என்று நான்கு ஆண்டு காத்திருப்பதா, திருநின்றவூரில் சின்ன வீட்டை இப்போதே வாங்குவதா என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்து யோசிக்க வேண்டும். குறைந்த விலை வீட்டுக்குப் பிரதமர் ஆவாஸ் யோஜனா நகர்ப்புறம் 2.0 திட்டத்தின் வட்டி மானியமும் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாட்டில் எங்கும் குடும்பத்தில் யார் பெயரிலும் பக்கா வீடு இருக்கக் கூடாது. தகுதி உள்ளவருக்கு அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து ஆண்டுத் தவணைகளில் கடன் கணக்குக்கு வரும்.

அந்த 14 லட்சம் எத்தனை நாளில் சேரும்? மாதம் 15,000 ரூபாயை 7 சதவீத வட்டியில் ரெக்கரிங் டெபாசிட்டில் போட்டால் ஐந்து ஆண்டில் சுமார் 10.7 லட்சம் ஆகும். 14 லட்சத்தைத் தொட ஆறே கால் ஆண்டு. கணவன் மனைவி இருவரும் சம்பாதித்து மாதம் 30,000 ஒதுக்கினால் மூன்றரை ஆண்டில் முடியும். 22 வயதில் வேலைக்குச் சேர்ந்த பலர் திருமணத்துக்குப் பிறகே வீடு வாங்குவதற்குக் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. முதல் சில ஆண்டுச் சம்பளத்தில் கல்விக் கடன், தங்கையின் கல்யாணம், ஊரில் அப்பா வாங்கிய கடன் என்று முன்னுரிமைகள் இருக்கும். அவை குடும்பத்துக்குச் செய்ய வேண்டிய கடமைகள்; அவற்றைத் தவறான செலவு என்று சொல்லும் சேமிப்பு ஆலோசனை தமிழ்க் குடும்பத்துக்கு உதவாது. எஞ்சியதில் எவ்வளவு ஒதுக்கினாலும் சம்பளம் வந்த அன்றே, வேறு கணக்குக்கு, தானாகப் போகும்படி செய்துவிடுவது நல்லது.

மூன்று நான்கு ஆண்டுக்குள் தேவைப்படும் முன்பணத்தைப் பங்குச் சந்தையில் விடக் கூடாது. பத்திரம் பதியும் மாதம் சந்தை விழுந்தால் காத்திருக்க முடியாது. அதற்கு ரெக்கரிங் டெபாசிட்டும் ஃபிக்ஸட் டெபாசிட்டுமே போதும். பி.பி.எஃப். கணக்கு 15 ஆண்டுக்கானது. ஏழாவது நிதியாண்டு முதல்தான் ஒரு பகுதியை எடுக்கலாம். வருங்கால வைப்பு நிதியிலிருந்து வீட்டுத் தேவைக்குப் பணம் எடுக்க விதிகள் இடம் தருகின்றன. வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழித்துவிடாமல் புதிய நிறுவனக் கணக்குக்கு மாற்றிக்கொண்டு வந்தவருக்கே அது கைகொடுக்கும். ஏலச் சீட்டு இந்தப் பகுதியில் வேரூன்றிய பழக்கம். 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெற்ற சீட்டா என்று பார்த்துச் சேர்ந்தால் அது கட்டாயச் சேமிப்பாகப் பயன்படும். தெருவில் தெரிந்தவர் நடத்தும் பதிவில்லாச் சீட்டில் வீட்டுப் பணத்தைப் போடக் கூடாது. நகைச் சீட்டு நகை வாங்கத்தான் உதவும். வீட்டுக்காக நகையை விற்கும் நாளில் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது.

கடன் பக்கம் பார்ப்போம். கையில் வரும் சம்பளத்தில் எல்லாத் தவணைகளும் சேர்ந்து 40 முதல் 50 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்று வங்கிகள் பொதுவாகக் கணக்கிடும். பைக் லோன், பெர்சனல் லோன், கல்விக் கடன் ஒவ்வொன்றும் வீட்டுக் கடன் தகுதியைக் குறைக்கும். செல்போனைத் தவணையில் வாங்கி இரண்டு மாதம் கட்டாமல் விட்டது சிபில் கடன் வரலாற்று அறிக்கையில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். 300 முதல் 900 வரையிலான சிபில் மதிப்பெண் 750-க்கு மேல் இருந்தால் வட்டியில் பேரம் பேசலாம்.

36 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 31,240 ரூபாய். முதல் மாதத் தவணையைப் பிரித்துப் பார்த்தால் 25,500 வட்டிக்கே போகிறது. அசலில் குறைவது 5,740 மட்டும். 20 ஆண்டில் கட்டும் மொத்தத் தொகை சுமார் 75 லட்சம். 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. ரெப்போ 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.5, 2025 ஜூனில் 5.5. வட்டி ஏறும்போது பல வங்கிகள் தவணைத் தொகையை அப்படியே வைத்து ஆண்டுகளை நீட்டும். மேலே சொன்ன கடனில் தொடக்கத்திலேயே வட்டி 9.5 ஆகி, தவணை மாறாமல் இருந்தால் 20 ஆண்டுக் கடன் ஏறத்தாழ 25 ஆண்டு 9 மாதமாகிவிடும். மாதாமாதம் அதே தொகை போவதால் வீட்டில் யாருக்கும் தெரியாமலே இது நடக்கும். வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்பதைக் கடன் வாங்கியவரே தேர்ந்தெடுக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டது. இந்த உரிமையைக் கேட்டு வாங்க வேண்டும். மாறும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால், தீபாவளி போனஸிலிருந்தே கட்டினாலும், 20 ஆண்டுக் கடன் பதினாறரை ஆண்டில் முடியும்.

வருமான வரிச் சலுகைக்காக வீட்டுக் கடன் வாங்கும் காலம் போய்விட்டது. பழைய வரி முறையில் இருப்பவருக்கு, தானே குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு. இயல்பாகப் பொருந்தும் புதிய முறையில் அது இல்லை.

ஃபிளாட் விளம்பரத்தில் உள்ள 1,000 சதுர அடி என்பது சூப்பர் பில்டப். படிக்கட்டு, வராண்டா, லிஃப்ட் பங்கையெல்லாம் கழித்து உள்ளே கால் வைக்கும் இடம்தான் கார்ப்பெட் ஏரியா. அதைவிட முக்கியமானது யு.டி.எஸ். எனப்படும் பிரிபடாத நிலப் பங்கு. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி சாதாரண அடுக்குக் கட்டடத்துக்கு நிலப் பரப்பைப்போல் இரு மடங்கு கட்டலாம். ஒரு கிரவுண்டில் 4,800 சதுர அடி, அதாவது தலா 800 சதுர அடியில் ஆறு வீடுகள் என்று வைத்தால், ஒவ்வொருவருக்கும் 400 சதுர அடி மண் சேர வேண்டும். பத்திரத்தில் 280 என்று இருந்தால், மீதி மண்ணைப் பில்டர் தனக்கென்று வைத்துக்கொண்டாரா, அனுமதிக்கு மேல் கட்டியிருக்கிறாரா என்று கேட்டாக வேண்டும். 30 ஆண்டு கழித்துக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் நாளில் குடும்பத்துக்கு மிஞ்சுவது அந்த மண்தான்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இல் வந்தது; தமிழ்நாட்டின் விதிகள் 2017 ஜூனில். பதிவு பெற்ற திட்டத்தில் வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஒப்படைத்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் பில்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். நல்ல பாதுகாப்புகள். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மிகாமலோ கட்டும் திட்டத்துக்குப் பதிவு கட்டாயமில்லை. ஒரு கிரவுண்டு என்பது 223 சதுர மீட்டர். அம்பத்தூரிலும் திருமுல்லைவாயலிலும் பழைய தனி வீட்டை இடித்து, கீழே பார்க்கிங், மேலே ஆறு ஃபிளாட் என்று கட்டும் உள்ளூர் பில்டரின் திட்டம் இந்த வலைக்கு வெளியே நிற்கிறது. சம்பளக்காரர்கள் அதிகம் வாங்குவது இத்தகைய வீடுகளையே. அங்கே அனுமதி பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பு முழுக்க வாங்குபவருடையது. சட்டத்தின் இந்த இடைவெளி அடைக்கப்பட வேண்டியது.

மனை வாங்குபவருக்கு முதல் கேள்வி அங்கீகாரம். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் எல்லைக்குள் இருக்கும் இந்தப் பகுதியில் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற வார்த்தைக்கு மதிப்பில்லை. அங்கீகாரமற்ற மனைகளைப் பதியச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதன் பிறகு 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பத்திரம் பதிந்த மனைகளுக்கு அவை வழி செய்தன. வரன்முறை ஆணை இல்லாத மனைக்கு வங்கிக் கடனும் கட்டட அனுமதியும் கிடைப்பது கடினம். ‘பவர்’ எனப்படும் பொது அதிகார ஆவணத்தை மட்டும் நம்பிச் சொத்தை விற்றால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்துவிட்டது. பவர் ஏஜென்ட் கையெழுத்திடும் பத்திரத்தில், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா என்று பார்க்க வேண்டும்.

பத்திரப் பரிசோதனையில் இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. இன்று மனையாக இருக்கும் பல இடங்கள் ஒரு தலைமுறைக்கு முன் நெல் விளைந்த வயல். தாத்தா பெயரில் இருந்த நிலத்தை 1990-களில் மகன்கள் மட்டும் கையெழுத்திட்டு விற்ற பத்திரங்கள் நிறைய. தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகன்களுக்குச் சமமான பங்கைக் கொடுத்துவிட்டது. 2005-இல் மத்தியச் சட்டமும் வந்தது. கையெழுத்து வாங்கப்படாத அத்தையோ அவர் பிள்ளைகளோ தங்கள் நியாயமான பங்கைக் கேட்டு வழக்குப் போட்டால், மூன்றாவது கை மாறி வாங்கிய இளைஞர் பிரதிவாதியாகிறார். அதனால் தாய்ப்பத்திரத்திலிருந்து ஒவ்வொரு கைமாற்றத்திலும் வாரிசுகள் எல்லோரும் வந்திருக்கிறார்களா என்று வழக்கறிஞர் பார்க்க வேண்டும். வங்கியின் வழக்கறிஞர் பார்க்கிறாரே என்று விட்டுவிடக் கூடாது. அவர் வங்கியின் பணத்துக்காகப் பார்க்கிறார்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். 30 ஆண்டுக்காவது எடுப்பது வழக்கம். ஒவ்வொரு பதிவிலும் ஆவண எண், தேதி, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், சர்வே எண், பரப்பு, நான்கு எல்லைகள் இருக்கும். ஒரு பத்திரத்தில் எழுதி வாங்கியவரே அடுத்த பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவராக வருகிறாரா, பரப்பு வழியில் குறைந்திருக்கிறதா, அடமானம் பதிவாகி, அது தீர்ந்ததற்கான ரசீது பதிவாகாமல் நிற்கிறதா என்று வரிசையாகப் படித்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். வில்லங்கம் ‘நில்’ என்று வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. பதியாத ஒப்பந்தம், பதியாத உயில், நடந்துகொண்டிருக்கும் வழக்கு அதில் வராமல் போகலாம். வருவாய்த்துறையின் பட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நகர அளவை முடிந்த பகுதிகளில் நகர நில அளவைப் பதிவேடு. பக்கத்து சர்வே எண் ஏரியா, வாய்க்காலா, மேய்க்கால் புறம்போக்கா என்பதை ‘அ’ பதிவேடு சொல்லிவிடும்.

வாய்க்காலைத் தேடச் சொல்வதற்குக் காரணம், இந்த மேற்குப் பகுதி முழுக்க ஏரிகளால் ஆனது. அம்பத்தூர், கொரட்டூர், அயனம்பாக்கம், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் ஏரிகளும் அவற்றை இணைத்த கால்வாய்களும் மழைநீரைக் கொண்டுபோகும் வழிகள். திருவேற்காடு, நொளம்பூர் வழியாகக் கூவம் ஓடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்து இயந்திரங்கள் மூழ்கின. வாங்கப்போகும் தெருவுக்கு ஒரு கனமழைக்கு மறுநாள் காலையில் போய்ப் பார்ப்பது எந்தச் சான்றிதழையும்விட மேல். மழைக்காலம் போய்விட்டால், பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை எந்த உயரத்தில் இருக்கிறது, பழைய வீடுகளின் வாசற்படி சாலையைவிடத் தாழ்ந்துவிட்டதா, சம்ப் மூடி தரையிலிருந்து உயர்த்திக் கட்டப்பட்டிருக்கிறதா என்று கவனிக்கலாம். 2015-இலும் 2023-இலும் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று மூலைக் கடையிலும் இஸ்திரி வண்டியிலும் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கோடையில் போர்த் தண்ணீர் எப்படி, மாதத்துக்கு எத்தனை லாரி வாங்குகிறார்கள் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

விலை பேசி முடித்ததும் ஒரு பகுதியைப் பத்திரத்தில் காட்டாமல் ரொக்கமாகக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதல் வீட்டுக்காரருக்கு அது இரட்டை நஷ்டம். வங்கி பத்திரத்தில் உள்ள விலையை வைத்தே கடன் தரும் என்பதால் ரொக்கப் பகுதி முழுக்க அவர் சேமிப்பிலிருந்து போகும். பின்னாளில் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தெரிவதால் லாப வரி கூடும். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடை செய்கிறது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவர் 1 சதவீதத்தைப் பிடித்து விற்பவரின் வரிக் கணக்கில் கட்டியாக வேண்டும்.

பதிவு முடிந்து கிரகப் பிரவேசமும் ஆனதும் சிலர் காகித வேலையை மறந்துவிடுகிறார்கள். மனையோ தனி வீடோ ஆனால் பட்டா பெயர் மாற்றம், எல்லோருக்கும் சொத்து வரியிலும் மின் இணைப்பிலும் பெயர் மாற்றம் பாக்கி இருக்கும். அம்பத்தூரில் சொத்து வரி சென்னை மாநகராட்சிக்கு. 2011-இல் அது மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. அசல் பத்திரம் வங்கியில் இருக்கும் ஆண்டுகளில் முழு நகல் ஒன்றும், ஒப்படைத்த ஆவணங்களின் பட்டியலில் வங்கியின் கையொப்பமும் வீட்டில் இருக்க வேண்டும். கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் வங்கி அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்ததும் அடமானம் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, புதிய வில்லங்கச் சான்று ஒன்று எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் அந்த ரசீது ஏறியிருந்தால் வீட்டின் மேல் வங்கிக்கு எந்தப் பாத்தியமும் இல்லை.